வங்கியின் மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) புதுப்பிப்புக் கடிதத்தில் அப்படியே கையெழுத்து வைக்கலாமா?

பிக்கரிங்காரர் | 3 நவம்பர் 2025, மாலை 6.10

2021 மார்ச்சில் எடுத்த ஐந்தாண்டு நிலையான வட்டி, 1.79 சதவீதம். கடன் 6 இலட்சம் டாலர், 25 ஆண்டில் அடைக்கும் கணக்கு. 2026 மார்ச் 15இல் டேர்ம் (இந்த வட்டி பூட்டிய காலம்) முடிகிறது. வங்கியிலிருந்து இப்போதே மின்னஞ்சல் வந்துவிட்டது: முன்கூட்டியே புதுப்பித்தால் ஐந்தாண்டுக்கு 4.79. 30 ஆண்டுக்கு நீட்டினால் கட்டுக்காசு பழையதற்குக் கிட்டவே நிற்கும் என்கிறார்கள். மாதக்காசு பெரிதாக மாறாவிட்டால் நட்டமில்லை என்பது என் எண்ணம். கனடா மத்திய வங்கி வட்டியை 2.25க்கு இறக்கியும் விட்டது. நான் நினைப்பதில் பிழை இருக்கிறதா?

கணக்கன் | 3 நவம்பர், இரவு 9.40

இருக்கிறது. மாதக்காசை மட்டும் பார்ப்பதுதான் பிழை.

2021இல் உங்கள் கட்டுக்காசு மாதம் 2,480 டாலர். முதல் மாதம் அதில் வட்டி 892, மீதி 1,588 முதலுக்கு (கடனின் அசலுக்கு) போனது. 60 கட்டுகள் முடியும்போது மிச்சக் கடன் ஏறக்குறைய 500,400. ஐந்தாண்டில் ஒரு இலட்சம் டாலர் முதல் அடைந்திருக்கும். இந்த வேகம் குறைந்த வட்டியால் வந்தது, அதை இழக்கப் போகிறீர்கள்.

அந்த 500,400க்கு இனி என்ன வரும் என்று பாருங்கள். கனடாவில் நிலையான வட்டி ஆண்டுக்கு இருமுறை கூட்டுவட்டியாகக் கணிக்கப்படுவது, அந்த முறைப்படியே போட்ட கணக்கு இது. 4.29 என்பது பேரம் பேசிக் குறைத்தால் என்று வைத்த உதாரணம்.

4.79, 20 ஆண்டு: மாதம் 3,232.
4.79, 30 ஆண்டு: மாதம் 2,608.
4.29, 20 ஆண்டு: மாதம் 3,099.
4.29, 25 ஆண்டு: மாதம் 2,711.
4.29, 30 ஆண்டு: மாதம் 2,462.

கடைசி வரிதான் கண்ணை மயக்கும். பழைய கட்டுக்காசை விடக் குறைவு! ஆனால் வட்டி அதே 4.29இல் நின்றாலும், 20 ஆண்டில் கட்டும் மொத்த வட்டி சுமார் 243,000, 30 ஆண்டில் 386,000. மாதம் 637 டாலர் மிச்சம் பிடிக்க 143,000 டாலர் கூடுதல் வட்டி.

4.79ஐ 4.29 ஆக்கினால் ஆண்டுகளைக் கூட்டாமலே மாதம் 133 டாலர் குறையும். 60 மாதத்தில் 7,900க்கு மேல். முதலில் பேரம் பேச வேண்டியது வட்டி. ஆண்டுகளைத் தொடுவது அதற்குப் பிறகு.

கணக்கன் | 3 நவம்பர், இரவு 10.05

முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு. 'முன்கூட்டியே' என்ற சொல்லைக் கவனியுங்கள். புது வட்டி எந்தத் திகதியில் தொடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். இன்று கையெழுத்து வைத்து இன்றே 4.79 தொடங்கினால், மார்ச் வரை உங்களுக்கு உரிமையான 1.79 போய்விடும். இப்போதைய மிச்சக் கடனுக்கு அது மாதம் 1,250 டாலருக்கு மேல் கூடுதல் வட்டி, நான்கு மாதத்துக்கு 5,000. வட்டியை இப்போதே பூட்டி மார்ச் 15இல் தொடங்குகிற ஏற்பாடு என்றால் வேறு கதை.

பிக்கரிங்காரர் | 4 நவம்பர், காலை 7.30

மத்திய வங்கி அக்டோபர் 29இல் குறைத்த பிறகும் 4.79 ஏன்?

கணக்கன் | 4 நவம்பர், மதியம் 12.20

மத்திய வங்கியின் வீதம் மாறும் வட்டியைத்தான் நேரடியாக அசைக்கும். அது 2.25க்கு வந்ததும் வங்கிகளின் பிரைம் (மாறும் வட்டிக்கு அடிப்படையான வீதம்) 4.45 ஆனது. ஐந்தாண்டு நிலையான வட்டி ஐந்தாண்டு அரச கடன் பத்திரம் தரும் வட்டி வருவாயைப் பின்தொடர்கிறது. வங்கி அந்தப் பத்திரத்துக்கு மேல் தன் செலவையும் இலாபத்தையும் வைத்து விலை சொல்லும். பணவீக்கம் திரும்பும் என்றோ அரசு நிறையக் கடன் வாங்கும் என்றோ சந்தை நினைத்தால், மத்திய வங்கி குறைக்கிற அதே வாரத்தில் நிலையான வட்டி ஏறவும் கூடும். செய்தியில் 'வட்டி குறைந்தது' என்று கேட்டுவிட்டு நிலையான வட்டி இறங்கும் என்று காத்திருப்பவர்கள் தொட்டிலைப் பார்க்காமல் தாலாட்டை மட்டும் கேட்கிறார்கள்.

கணக்கன் | 4 நவம்பர், இரவு 8.50

உங்கள் திகதிகளுக்கு நாட்காட்டி:

நவம்பர் 15: டேர்ம் முடிய 120 நாள். பெரும்பாலான கடன்கொடுப்போர் 120 நாளுக்கு வட்டியைப் பிடித்து வைப்பார்கள். வட்டி ஏறினால் பிடித்தது உங்களுக்கு, இறங்கினால் புதியதைக் கேட்கலாம். பிடித்து வைக்கக் காசில்லை. இரண்டு இடத்தில் பிடியுங்கள்.

டிசம்பர்: பத்திரங்களைச் சேர்க்கும் மாதம். வேலைக் கடிதம், கடைசி இரண்டு சம்பளச் சீட்டு, டி4 (ஆண்டுச் சம்பளச் சான்று), வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல் (சொந்தத் தொழில் என்றால் இரண்டு ஆண்டுக்கு), வீட்டு வரிப் பில், வீட்டுக் காப்புறுதி, இப்போதைய மோர்ட்கேஜ் அறிக்கை, செல்லாது என்று குறுக்கே எழுதிய காசோலை (வொயிட் செக்).

ஜனவரி: எழுத்தில் வந்த வெளி வட்டியை உங்கள் வங்கியிடம் காட்டுங்கள். கிளையில் இருப்பவரால் முடியாவிட்டால், வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவுக்கு இணைக்கச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 22: டேர்ம் முடிய 21 நாள். இந்த நாளுக்குள் புதுப்பிப்பு அறிக்கை உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாள் வரை காத்திருந்தால் வேறு வங்கிக்கு மாறிப் போக நேரம் போதாது. ஒரு மாற்றத்துக்கு மூன்று நான்கு வாரம் தேவை.

கையெழுத்தே வைக்காமல் விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பல வங்கிகள் தாமாகவே ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ கூடிய வட்டியில் புதுப்பித்துவிடும்.

ஓலைச்சுவடி | 5 நவம்பர், மாலை 5.15

வீட்டுப் பத்திரப் பதிவு பார்க்கும் பக்கத்திலிருந்து ஒன்று. மாறலாம், மாறலாம் என்று சொல்வதற்கு முன்னால், உங்கள் வீட்டில் பதிந்திருப்பது எந்த வகைச் சார்ஜ் (வங்கி வீட்டின் மேல் பதியும் பிணை) என்று பாருங்கள். சாதாரணச் சார்ஜா, கொலாட்டரல் சார்ஜா (பிற்பாடு கூடக் கடன் எடுக்கவும் இடம் வைத்துப் பதிவது)?

ஒன்ராறியோவில் ஒன்லேண்ட் என்ற காணிப் பதிவுத் தளத்தில் சிறு கட்டணம் கட்டிப் பிரதி எடுக்கலாம். வீடு வாங்கிய லோயர் தந்த கோப்பிலும் இருக்கும். 'சார்ஜ்/மோர்ட்கேஜ்' என்று தலைப்பிட்ட பக்கத்தில் மூன்று வரிகளைப் பாருங்கள். கடன் தொகை: நீங்கள் வாங்கியது 600,000 ஆக இருக்க 750,000 என்றோ 800,000 என்றோ பதிந்திருந்தால் அது கொலாட்டரல். வட்டி: 1.79 என்று இல்லாமல் பிரைம் கூட்டல் 10 என்று இருந்தால் கொலாட்டரல். கடைசித் திகதி: கேட்டவுடன் கட்ட வேண்டும் என்று இருந்தால் அதுவும் அதே. மோர்ட்கேஜோடு சேர்த்து வீட்டைப் பிணை வைத்த லைன் ஆஃப் கிரெடிட் (வேண்டியபோது எடுக்கும் கடன் வசதி) எடுத்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் இதில்தான் இருப்பார்கள்.

சாதாரணச் சார்ஜ் என்றால் புது வங்கி அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும். அந்தச் செலவைப் புது வங்கியே ஏற்பதும் வழமை. பழைய வங்கியின் விடுவிப்புக் கட்டணம் சில நூறு டாலர் உங்களுடையது. கொலாட்டரல் என்றால் பல இடங்களில் பழையதை நீக்கிப் புதிதாகப் பதிய வேண்டும், லோயர் செலவு ஆயிரம் டாலரளவில் வரும். லைன் ஆஃப் கிரெடிட்டில் மிச்சம் இருந்தால் அதையும் அடைத்து மூட வேண்டும். மாதம் 133 டாலர் குறைகிறது என்றால் ஆயிரம் டாலர் எட்டு மாதத்தில் திரும்பிவிடும். ஆனால் முன்கூட்டித் தெரியாவிட்டால் பெப்ரவரி கடைசி வாரத்தில் எல்லாம் நின்றுபோகும்.

கணக்கன் | 5 நவம்பர், இரவு 9.00

ஓலைச்சுவடி சொன்னதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், என் வரிசை பிழை. முதலில் சார்ஜ் வகை. இரண்டாவது, கடன் காப்புறுதி உள்ளதா இல்லையா. மூன்றாவது வட்டி.

காப்புறுதி என்று சொல்வது வாங்கும்போது 20 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் கட்டியவர்களுக்கு வைத்தது. சி.எம்.எச்.சி., சேஜன், கனடா கேரண்டி என்ற மூன்று காப்புறுதி நிறுவனங்களில் ஒன்றின் பெயர் கடன் பத்திரத்தில் இருக்கும். அந்தக் கட்டணத்தை அன்றே கட்டிவிட்டீர்கள், கடன் அடையும்வரை அது உங்களோடு வரும். கடன்கொடுப்போருக்கு ஆபத்து இல்லாததால் இந்தக் கடனுக்குத்தான் சந்தையில் ஆகக் குறைந்த வட்டி. காப்புறுதி எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வட்டி கேளுங்கள். கடன் தொகையையும் ஆண்டுகளையும் கூட்டாதவரை புதிதாகக் கட்டணம் இல்லை.

மிசிசாகா அக்கா | 6 நவம்பர், காலை 10.40

எங்கட கதை வேறு. 2021இல் மாறும் வட்டி, பிரைம் கழித்தல் 1.10, கட்டுக்காசு மாறாத வகை. மாதம் 2,358. ஏறக்குறைய ஐந்தாண்டு கட்டியும் 6 இலட்சத்தில் 575,000 நிற்கிறது. எங்கே போனது காசு?

கணக்கன் | 6 நவம்பர், இரவு 9.30

அக்கா, அதில் பெரும்பகுதி வட்டிக்குப் போனது.

2021இல் பிரைம் 2.45, உங்கள் வட்டி 1.35. மத்திய வங்கி 2022 மார்ச்சில் ஏற்றத் தொடங்கி 2023 ஜூலையில் 5.00க்குக் கொண்டுபோனது. பிரைம் 7.20, உங்கள் வட்டி 6.10. 575,000க்கு 6.10 என்றால் வட்டி மட்டும் மாதம் 2,923. நீங்கள் கட்டியது 2,358. குறைந்த 565 டாலரைச் சில வங்கிகள் கடனில் சேர்த்தன, சில வங்கிகள் கட்டுக்காசைக் கூட்டச் சொன்னன.

எந்த வட்டியில் இது தொடங்கும் என்று நீங்களே பார்க்கலாம். மாதக்காசை 12ஆல் பெருக்கி, மிச்சக் கடனால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். உங்களுக்கு 4.92. வட்டி இதைத் தாண்டினால் முதலுக்கு ஒரு சதமும் போகாது. 2022 டிசம்பரில் தாண்டியது. இப்போது பிரைம் 4.45, உங்கள் வட்டி 3.35, மறுபடி முதல் குறைகிறது.

ஆனால் புதுப்பிக்கும்போது 20 ஆண்டுக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். பிரைம் கழித்தல் 0.50, அதாவது 3.95 கிடைத்தாலும் மாதம் 3,470 வரும். 1,100 டாலர் ஏற்றம். இன்றிலிருந்து அந்த நாள் வரை கட்டுக்காசை மாதம் 300, 400 என்று நீங்களே கூட்டி வையுங்கள். கூட்டியது அத்தனையும் முதலுக்குப் போகும், குடும்பச் செலவும் புது அளவுக்குப் பழகும். ஸ்கோஷியா, நேஷனல் வங்கிகளின் மாறும் வட்டியில் கட்டுக்காசும் வட்டியோடு ஏறி இறங்கும். அந்த வகையில் இருந்தவர்கள் 2022, 23இல் மூச்சுத் திணறினார்கள், இப்போது ஆறுதலாக இருக்கிறார்கள்.

கணக்கன் | 8 நவம்பர், காலை 8.15

தனிச்செய்தியில் வந்த ஒரு கேள்விக்கு இங்கேயே பதில், பலருக்கும் தேவை. 'மாறிப் போனால் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் உண்டா?'

2024 நவம்பர் 21 முதல், காப்புறுதி இல்லாத கடனை ஒரு கூட்டாட்சி வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அந்தச் சோதனையை ஓஸ்ஃபி (வங்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பு) கட்டாயப்படுத்துவதில்லை. காப்புறுதி உள்ளவற்றுக்கு அதற்கு முன்பே விலக்கு இருந்தது. முன்பு 4.29க்குக் கேட்டால் 6.29 கட்டும் வருமானம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதனால் பலர் சொந்த வங்கி சொன்ன வட்டிக்கே கட்டுண்டு கிடந்தார்கள்.

கணக்கன் | 8 நவம்பர், மாலை 4.00

காலையில் எழுதியதில் திருத்தம். விலக்கு 'அப்படியே மாற்றுவதற்கு' மட்டும். ஐயாயிரம் டாலர் கூட்டிக் கேட்டாலும், 20ஐ 25 ஆண்டு ஆக்கினாலும் அது மறுநிதியாக்கம், சோதனை திரும்ப வரும். இன்னொன்று: சோதனை இல்லை என்றால் வருமானம் பார்க்கமாட்டார்கள் என்று பொருளில்லை. புது வங்கி வேலைக் கடிதம் கேட்கும், கடன் மதிப்பெண் பார்க்கும், வீட்டின் விலையும் பார்க்கும். காப்புறுதி இல்லாத கடன் வீட்டு விலையில் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2022இல் உச்ச விலைக்கு ரொறன்ரோவில் காண்டோ வாங்கியவர்களில் சிலர் இங்கேதான் மாட்டுப்படுகிறார்கள். ஒழுங்காகக் கட்டியும், விலை இறங்கியதால் 80ஐத் தாண்டிவிடுகிறது.

21 நாள் விதியிலும் ஒரு திருத்தம். அது கூட்டாட்சிக் கண்காணிப்பில் உள்ள வங்கிகளுக்கு. பெரும்பாலான கடன் சங்கங்கள் மாகாண விதிகளில் இயங்குகின்றன, தனியார் கடன்கொடுப்போர் இதற்குள் வரமாட்டார்கள்.

பிக்கரிங்காரர் | 9 நவம்பர், இரவு 7.45

மனைவிக்கு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. ஆட்குறைப்பு வரும் என்கிறார்கள். அப்படி நடந்தால்?

கணக்கன் | 9 நவம்பர், இரவு 10.20

இதை மிகவும் கவனமாக வாசியுங்கள். சொந்த வங்கியில் புதுப்பிக்கும்போது, கட்டுக்காசு தவறாமல் கட்டியிருந்தால், வழமையாக வருமானச் சான்று கேட்கமாட்டார்கள். மாறிப் போவதற்குத்தான் வேலை வேண்டும். ஆகவே மாறுவதென்றால் இரண்டு சம்பளமும் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். நவம்பர் 15ஐத் தள்ளிப் போடாதீர்கள். விண்ணப்பித்த பிறகு வேலை போனால் மறைக்க வேண்டாம். காசு கைமாறும் முன் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்து உறுதிப்படுத்துவார்கள்.

அமெரிக்க வரிகள் வந்த பிறகு இந்த அச்சம் பிராம்டன், ஒஷாவா, வின்சர் எங்கும் இருக்கிறது. பிராம்டன் ஆலைக்கு வரவிருந்த ஜீப் காம்பஸ் இலினோய்க்குப் போகிறது என்று ஸ்டெலாண்டிஸ் அக்டோபரில் அறிவித்தது. ஒரு ஆலை நின்றால் அதற்கு இருக்கை, கம்பி, கண்ணாடி கொடுக்கும் சிறு ஆலைகளும் நிற்கும். அந்த வீடுகளின் மோர்ட்கேஜும் இதே 2025, 26இல் புதுப்பிப்புக்கு வருகிறது. நாட்டில் நிலுவையில் உள்ள மோர்ட்கேஜ்களில் ஏறக்குறைய 60 சதவீதம் இந்த இரண்டு ஆண்டுகளில் புதுப்பிக்கப்படும் என்று மத்திய வங்கியே சொல்லியிருக்கிறது.

ஓலைச்சுவடி | 10 நவம்பர், மாலை 6.30

வேலை போனால் சிலர் உடனே தனியார் இரண்டாம் மோர்ட்கேஜுக்கு (அதே வீட்டைப் பிணை வைத்து இன்னொரு கடன்) ஓடுகிறார்கள். தயவுசெய்து கடைசி வழியாக மட்டும் வையுங்கள். கணக்கு இப்படி வரும்: ஒரு இலட்சம், ஓராண்டு, 12 சதவீதம், வட்டி மட்டும். கடன்கொடுப்போர் கட்டணமும் முகவர் கட்டணமும் சேர்ந்து 4 சதவீதம் என்றால் கையில் வருவது 96,000, அதிலும் இரு தரப்பு லோயர் செலவு கழியும். மாதம் 1,000 கட்டியும் ஆண்டு முடிவில் அதே ஒரு இலட்சம் நிற்கும். மறுபடி நீட்டக் கட்டணம். ஒன்ராறியோவில் கட்டத் தவறி 15 நாள் ஆனால் விற்பனை அறிவித்தல் அனுப்பலாம், அதிலிருந்து மீட்க 35 நாள். நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டை விற்க அந்த வழி இருக்கிறது.

முகவரின் உரிமத்தையும் பாருங்கள். ஒன்ராறியோவில் முதல் நிலை முகவர் தனியார் கடன் எடுத்துத் தர முடியாது. இரண்டாம் நிலை உரிமம் வேண்டும், எஃப்.எஸ்.ஆர்.ஏ. (ஒன்ராறியோவின் நிதிச் சேவைக் கண்காணிப்பு அமைப்பு) தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

கணக்கன் | 11 நவம்பர், இரவு 9.10

முதல் நாள் எழுதியதை மறுபடி யோசித்தேன். ஆண்டுகளை நீட்டுவது எல்லாருக்கும் கேடு என்பது போல எழுதிவிட்டேன். அது சரியில்லை. வேலை ஆட்டம் காண்கிற வீட்டுக்கு 25 ஆண்டுக்கு நீட்டி 2,711 என்று வைத்து, முடிந்த மாதங்களில் தாமாக 3,099 கட்டுவது நல்ல பாதுகாப்பு. கட்டியது 3,099 என்றால் கடன் 20 ஆண்டு வேகத்திலேயே குறையும். இடர் வந்தால் 2,711க்கு இறங்கலாம். ஒப்பந்தம் ஆண்டுக்கு 10 முதல் 20 சதவீதம் வரை கூடுதலாகக் கட்ட விடுகிறதா என்று மட்டும் பாருங்கள். நீட்டியதைச் சாட்டி அந்த 388 டாலரைச் செலவழித்தால்தான் நட்டம்.

கட்டவே முடியாத நிலை வந்தால், ஒரு கட்டுக்காசு தவறுவதற்கு முன்பே வங்கியோடு கதையுங்கள். இடர்ப்படும் கடனாளிக்கு ஆண்டுகளை நீட்டுவது, கட்டணங்களைத் தள்ளுவது போன்றவற்றைப் பார்க்க வேண்டும் என்று 2023 ஜூலையில் நுகர்வோர் நிதி முகமை வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அந்த வழிகாட்டியைச் சொல்லியே கேளுங்கள்.

மிசிசாகா அக்கா | 12 நவம்பர், காலை 9.00

இரு கிழமைக்கு ஒருமுறை கட்டினால் வட்டி மிச்சம் என்கிறார்களே? ஐந்தாண்டா மூன்றாண்டா?

கணக்கன் | 12 நவம்பர், இரவு 8.30

அடிக்கடி கட்டுவதால் மிச்சம் மிகச் சிறிது. மிச்சம் வருவது 'அக்சலரேட்டட்' என்ற சொல்லில். மாதக்காசில் பாதியை 26 முறை கட்டுவீர்கள், ஆண்டில் 13 மாதக்காசு ஆகிவிடும். வெறும் இரு கிழமைக் கட்டு என்றால் 12 மாதக்காசை 26ஆல் வகுத்ததுதான். படிவத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டேர்ம் எத்தனை ஆண்டு என்பதை வட்டியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இடையில் வீடு விற்பீர்களா, பிரிவு, வேலை மாற்றம் வருமா என்று யோசியுங்கள். நிலையான வட்டியை இடையில் உடைத்தால் மூன்று மாத வட்டி, அல்லது வட்டி வித்தியாசம், இரண்டில் கூடியது தண்டம். அந்த வித்தியாசத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதில்தான் பெரிய விளையாட்டு. உதாரணக் கணக்கு: மிச்சம் 450,000, வட்டி 5.09, இன்னும் இரண்டு ஆண்டு. மூன்று மாத வட்டி 5,726. சந்தையில் இன்றைய இரண்டாண்டு வட்டி 4.69 என்று எடுத்துக் கணிப்பவரிடம் வித்தியாசம் 3,600 மட்டுமே, ஆகத் தண்டம் 5,726. விளம்பரப் பலகை வட்டியில் இருந்து உங்களுக்கு அன்று தந்த கழிவைக் கழித்து 4.20 என்று எடுப்பவரிடம் 8,010. ஒரே கடன், 2,284 டாலர் வித்தியாசம். கையெழுத்துக்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். மாறும் வட்டியில் பெரும்பாலும் மூன்று மாத வட்டியோடு முடியும்.

கணக்கன் | 13 நவம்பர், மதியம் 1.00

அமெரிக்காவில் 30 ஆண்டுக்கு ஒரே வட்டி பூட்டுகிறார்களே, இங்கே ஏன் இல்லை என்று கேட்டவருக்கு: வட்டிச் சட்டத்தின் 10ஆம் பிரிவு ஒரு காரணம். தனியாள் ஒருவரின் டேர்ம் ஐந்தாண்டைத் தாண்டினால், ஐந்தாண்டுக்குப் பிறகு மூன்று மாத வட்டி மட்டும் கட்டி வெளியேறலாம். வங்கிக்கு அதில் ஆபத்து, ஆகவே நீண்ட டேர்முக்குக் கூடிய வட்டி கேட்கிறது. இன்னொன்று, வங்கி கடன் கொடுக்கும் காசு பெரும்பாலும் ஐந்தாண்டுக்குள் முடியும் வைப்புகளில் இருந்து வருகிறது. ஐந்தாண்டைத் தாண்டிய வைப்புக்கு வைப்புக் காப்புறுதியே 2020 வரை இல்லை. இப்படித்தான் ஐந்தாண்டு வழக்கமானது. ஒரு தலைமுறையின் வீட்டுச் செலவு எந்த ஆண்டு கையெழுத்து வைத்தார்கள் என்பதைப் பொறுத்து ஆடுகிறது. காப்புறுதிக் கடன் கிடைக்கும் வீட்டு விலையின் வரம்பை 10 இலட்சத்திலிருந்து 15 இலட்சத்துக்கு ஏற்றி, முதல் வீடு வாங்குவோருக்கு 30 ஆண்டு கொடுத்ததெல்லாம் 2024 டிசம்பரில் வந்தது. வாங்கப் போகிறவர்களுக்கு அது உதவி. ஏற்கனவே கட்டிக்கொண்டிருப்பவருக்குத் தேவை வேறு: புதுப்பிப்புக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே மொத்த வட்டி, சார்ஜ் வகை, தண்டக் கணிப்பு மூன்றையும் எழுதச் சொல்லும் சட்டம். உங்கள் எம்.பி.யிடம் கேட்கத்தக்க கோரிக்கை இது.

பிக்கரிங்காரர் | 16 நவம்பர், இரவு 8.05

சாதாரணச் சார்ஜ்தான். சேஜன் எண் கோப்பில் இருந்தது. இரண்டு இடத்தில் பிடித்தாயிற்று, குறைந்தது 4.14. எங்கள் வங்கி இப்போது 4.34 என்கிறது.

கணக்கன் | 16 நவம்பர், இரவு 9.50

4.14ஐ எழுத்தில் வாங்கிவிட்டீர்களா? தாளில் நான்கு வரி இருக்க வேண்டும்: தொடங்கும் திகதி மார்ச் 15, கடன்காலம் 20 ஆண்டு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடுதலாகக் கட்டலாம், தண்டம் எந்த வட்டியை வைத்துக் கணிப்பு. பதியப் போகும் சார்ஜ் சாதாரணமா என்றும் கேளுங்கள், சில இடங்களில் மாறிப் போகும்போது கொலாட்டரலாகப் பதிந்துவிடுவார்கள். கையில் சேமிப்பு இருந்தால் மார்ச் 15 அன்று கடனின் அசலுக்குப் போடலாம், அன்று எவ்வளவு கட்டினாலும் தண்டமில்லை. ஆனால் மனைவியின் வேலை தெளிவாகும்வரை ஆறு மாதச் செலவுக்கான காசைத் தொட வேண்டாம்.